எல்லாப்பிரகட சுப்பாராவ்: ஒரு மருந்தின் வரலாறும் அதற்கு முன் செய்யப்படும் பரிசோதனைகளும்

குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சை அட்டையில் மெத்தோட்ரெக்சேட் என்னும் மருந்தின் பெயர் பெரும்பாலும் இடம்பெற்றிருக்கும். இம்மருந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற ஒருவர் தலைமை வகித்த ஆய்வகத்தில் உருவானது என்பதைப் பெற்றோர் பலர் அறியார். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். மருந்து தொடங்குவதற்கு முன் எலும்பு மஜ்ஜையை எடுத்து இத்தனை பரிசோதனைகளை ஏன் செய்கிறார்கள், அதுவரை குழந்தையை ஏன் காக்க வைக்கிறார்கள் என்னும் கேள்வி எல்லாப் பெற்றோருக்கும் எழுவது இயல்பே. அக்கேள்விக்கான விடை அவரது வாழ்வின் கடைசி ஆண்டோடு பின்னிக் கிடக்கிறது. ஆகவே இப்பக்கம் அவரது வாழ்க்கையையும் அப்பரிசோதனைகளையும் சேர்த்தே விளக்குகிறது.

பள்ளியும் கதராடையும்

சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று, அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் பிறந்தார். குடும்பம் வறுமையில் இருந்தது. தந்தை இளமையிலேயே இறந்துவிட, மகனின் படிப்பை விடாமல் நடத்தியவர் தாயார். படிப்பில் அவர் சிறந்து விளங்கவில்லை. வீட்டை விட்டு ஓடிப்போக முயன்றார். பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தவறி, மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். பிறகு மாநிலக் கல்லூரி. துறவு பூணும் விருப்பம் அவரிடம் வலுத்திருந்தது. ஆயினும் மருத்துவம் பயின்றால் மக்களுக்குத் தொண்டாற்றலாம் என்னும் எண்ணம் மேலோங்க, சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்புச் செலவில் பெரும்பகுதியை ஏற்றவர் அவருடைய மாமனார்.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தத் தொடங்கிய அவர், அறுவைச் சிகிச்சை வகுப்புக்கும் கதர் அங்கியே அணிந்து சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழே அவருக்குக் கிடைத்தது. அரசுப் பணி கிட்டாமையால் சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தார்.

இக்காலத்தில் அவரது இரு சகோதரர்கள் குறுகிய இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். இருவரையும் கொண்டுபோனது ஸ்ப்ரூ என்னும் வெப்பமண்டலக் குடல் நோய். உண்ட உணவிலுள்ள சத்து குடலில் ஏறாமல், கடும் வயிற்றுப்போக்கும் இரத்தசோகையும் கண்டு நோயாளி மெலிந்து மாயும் நோய் அது. சுப்பாராவையும் அது பற்றியது, அவர் பிழைத்தார். பின்னாளில் அவர் எந்தப் பொருளைத் தேடி ஆண்டுக்கணக்கில் உழைத்தார் என்பதைப் பார்க்கும்போது, இந்த இரு மரணங்களையும் ஒதுக்கிவிட இயலாது.

நீல நிறத்தின் அளவு

1920களின் தொடக்கத்தில் அவர் கடன் வாங்கிய பணத்தோடு அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் சேர்ந்தார். கருவுற்றிருந்த மனைவி ஊரிலேயே இருந்தார். பிறந்த ஆண் குழந்தை ஓராண்டு நிறைவதற்குள் இறந்தது. தந்தை அக்குழந்தையைக் கண்டதே இல்லை. சுப்பாராவ் அதன்பின் தாயகம் திரும்பவும் இல்லை.

பாஸ்டனில் இரவில் மருத்துவமனையொன்றில் கடைநிலைப் பணி, பகலில் ஹார்வர்டில் ஆய்வு என அவரது நாட்கள் கழிந்தன. அங்குச் சைரஸ் ஃபிஸ்கே என்பவரோடு சேர்ந்து 1925இல் அவர் வெளியிட்ட முறை, உலகின் உயிர்வேதியியல் ஆய்வகங்கள் அனைத்திலும் பரவியது. இரத்தத்திலோ சிறுநீரிலோ பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறை அது. மாதிரியோடு மாலிப்டேட் உப்பைச் சேர்த்து, குறிப்பிட்ட வேதிப்பொருளால் வினைபுரியச் செய்தால் நீல நிறம் தோன்றும். பாஸ்பரஸ் மிகுந்தால் நீலம் அடர்த்தியாகும், குறைந்தால் வெளிறும். நிறத்தின் அடர்த்தியை அளந்தால் பொருளின் அளவு தெரிந்துவிடும்.

சிவகாசி வட்டாரத்தாருக்கு இது எளிதில் விளங்கும். நாரணாபுரத்துப் பட்டாசு ஆலையில் வேலை செய்பவருக்கு, பச்சை வேண்டுமென்றால் பேரியம், சிவப்பு வேண்டுமென்றால் ஸ்ட்ரான்சியம் என்று தெரியும். நிறத்தைக் கண்டே உப்பைச் சொல்லிவிடுவார்கள். ஆய்வகமும் அதையே வேறு வகையில் செய்கிறது. பாஸ்பரஸும் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. தீப்பெட்டியின் பக்கவாட்டில் பூசப்படும் மருந்தில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். சுப்பாராவ் கடல் கடந்த அதே காலத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர்.

பாஸ்பரஸை அளப்பது இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு இன்றும் தேவைப்படுகிறது. சிகிச்சை தொடங்கிய முதல் சில நாட்களில் புற்றணுக்கள் கூட்டங்கூட்டமாக அழியும். அவற்றினுள் இருந்த பாஸ்பரஸ், பொட்டாசியம் முதலியவை ஒரேயடியாக இரத்தத்தில் கலக்கும்; யூரிக் அமிலமும் ஏறும். சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படக்கூடும். எனவேதான் அந்நாட்களில் ஒரே நாளில் பலமுறைகூட இரத்தம் எடுக்கப்படுகிறது. நரம்பு வழியே நீர்மம் தொடர்ந்து செலுத்தப்படுகிறது. சிறுநீர் அளந்து குறிக்கப்படுகிறது. மீண்டும் மீண்டும் ஏன் குத்துகிறார்கள் என்று மனம் நோகும் பெற்றோர், இம்முடிவுகளைப் பார்த்துத்தான் அடுத்த சில மணி நேரத்துக்கான நீர்மமும் மருந்தும் முடிவு செய்யப்படுகின்றன என்பதை அறிந்திருத்தல் நல்லது.

ஃபிஸ்கேயும் சுப்பாராவும் அதே முறையைக் கொண்டு தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டினையும், உயிரணுவின் ஆற்றல் மூலமான ஏ.டி.பி.யையும் கண்டறிந்தனர். ஆயினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தின் பெர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார்.

ஃபோலிக் அமிலமும் அதன் எதிரியும்

1920களின் இறுதியில் பம்பாயின் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கருவுற்ற பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர், ஈஸ்ட் சாற்றால் அது குணமாவதைக் கண்டிருந்தார். அச்சாற்றிலும் ஈரலிலும் கீரையிலும் இருந்த அந்தப் பொருளே ஃபோலிக் அமிலம். லெடர்லேயில் சுப்பாராவின் தலைமையில் இயங்கிய குழு அதைப் பிரித்தெடுத்து, அதன் கட்டமைப்பை அறிந்து, 1945இல் செயற்கையாக உருவாக்கியது. அரசு சுகாதார நிலையங்களில் கருவுற்ற தாய்மார்களுக்கு இரும்புச் சத்துடன் சேர்த்து வழங்கப்படும் மாத்திரையில் இருப்பது இதுவே. ஸ்ப்ரூ நோயின் இரத்தசோகையையும் இது சீராக்கியது. அவருடைய சகோதரர்கள் இறந்து ஏறத்தாழ கால் நூற்றாண்டு கடந்திருந்தது.

யானைக்கால் நோய்க்குத் தரப்படும் டி.இ.சி. மாத்திரையும் அவரது ஆய்வகத்தில் பிறந்ததுதான். அது தனிக்கதை.

புதிய இரத்த அணுக்கள் உருவாக ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் நோய்க்குறியியல் மருத்துவர் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கு லெடர்லே அனுப்பிய ஃபோலிக் அமிலச் சேர்மங்களைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறைவதற்குப் பதிலாக, சிலரிடம் விரைந்து பரவுவதாகத் தோன்றியது. அப்படியானால் அச்சத்தைத் தடுத்தால் புற்றணுக்கள் பட்டினி கிடக்குமல்லவா என்று அவர் சிந்தித்தார். தோற்றத்தில் ஃபோலிக் அமிலத்தை ஒத்து, செயலில் அதற்கு எதிரான பொருட்களைச் சுப்பாராவின் குழு ஏற்கெனவே உருவாக்கிவந்தது. பூட்டுக்குள் நுழைந்து, ஆனால் திறக்காமல் அடைத்துக்கொள்ளும் போலிச் சாவி போன்றவை அவை. அவற்றுள் ஒன்று அமினோப்டெரின். அதன் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட்டும் அதே ஆய்வகத்தில் உருவானதே. இம்மருந்துகளைச் சுப்பாராவ் தனியொருவராகக் கண்டுபிடித்தார் என்று எழுதப்படுவது மிகை. வேதியியலாளர் பலர் கூடிச் செய்த பணி அது, வழிநடத்தியவர் அவர். அவருமே தம் பெயரை முன்னிறுத்தியவர் அல்லர்.

1947 இறுதியில் ஃபார்பர் அமினோப்டெரினைக் குழந்தைகளுக்குச் செலுத்தத் தொடங்கினார். 1948 ஜூன் மாதம் அவர் வெளியிட்ட அறிக்கையில், சிகிச்சை பெற்ற 16 குழந்தைகளுள் 10 பேரிடம் முன்னேற்றம் காணப்பட்டதாகத் தெரிவித்தார். வீங்கியிருந்த மண்ணீரல் சுருங்கியது. எழ முடியாதிருந்த குழந்தைகள் எழுந்து நடமாடினர். இந்நோயில் மருந்தொன்றால் இத்தகைய தணிவு கிட்டியது அதுவே முதன்முறை. ஆனால் அது நீடிக்கவில்லை. சில வாரங்களில் அல்லது மாதங்களில் நோய் திரும்பியது.

அவ்வறிக்கை வெளிவந்த இரண்டாவது மாதத்தில், 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் உறக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். அகவை 53.

அன்று பிரித்தறிய இயலாதவை

பத்துப் பேருக்குப் பயன்பட்ட மருந்து எஞ்சிய ஆறு பேருக்கு ஏன் பயன்படவில்லை? அன்றைய மருத்துவர்களிடம் இதற்கு விடை இல்லை. அவர்களிடம் இருந்த சான்றுகள் மிகச் சில. இரத்தத்தையோ மஜ்ஜையையோ கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். முதிராத வெள்ளணுக்கள் நிரம்பியிருந்தால் இரத்தப் புற்றுநோய் என்று உறுதியாகும். ஆனால் ஒரே மாதிரித் தோன்றும் அந்த அணுக்கள் வெவ்வேறு வழியில் பிறந்தவை என்பதைப் பல வேளைகளில் கண்ணால் மட்டும் சொல்ல இயலாது.

இன்று குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் முதலில் இரு பெரும் பிரிவாகப் பிரிக்கப்படுகிறது. லிம்போசைட் என்னும் நிணநீர் அணுக்களின் வழியில் வருவது லிம்போபிளாஸ்டிக் வகை. நான்கு குழந்தைகளில் ஏறத்தாழ மூவருக்கு இருப்பது இதுவே. மற்றைய வெள்ளணுக்களின் வழியில் வருவது மைலாய்டு வகை. லிம்போபிளாஸ்டிக் வகைக்குள் பி, டி என மீண்டும் இரு கிளைகள். மெத்தோட்ரெக்சேட் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இப்பிரிவினையின் தேவை புரியும். அணுவுக்குள் நுழைந்த மருந்தை அணுவே ஒரு சங்கிலியால் பிணைத்து உள்ளே தங்க வைக்கிறது. பி வகை அணுக்கள், அவற்றுள்ளும் குரோமோசோம்கள் இயல்பைவிட மிகுந்திருப்பவை, இதை நன்கு செய்கின்றன. டி வகை அணுக்களில் பிணைப்பு குறைவு. ஆகவே கூடுதல் அளவு மருந்து தேவைப்படலாம். மைலாய்டு அணுக்களில் இன்னும் குறைவு. அதனால் அவ்வகைச் சிகிச்சையில் இம்மருந்துக்கு முதன்மை இடமில்லை. சுப்பாராவின் மருந்து எவருக்கு, எந்த அளவில் என்பதைச் சொல்வது ஆய்வகம்.

மஜ்ஜை மாதிரி ஆய்வகத்தை அடைந்ததும் நடப்பது இது. அன்றே கண்ணாடித் தகட்டில் சாயமேற்றிப் பார்க்கப்படும். மைலோபெராக்சிடேஸ் என்னும் சிறப்புச் சாயம் ஏற்றால் அது மைலாய்டு வகை என்று கொள்ள வலுவான காரணம் உண்டு. ஏற்காவிட்டால் மட்டும் அது லிம்போபிளாஸ்டிக் என்று முடிவு கட்டிவிட இயலாது.

அடுத்தது ஃபுளோ சைட்டோமெட்ரி. ஒவ்வோர் அணுவின் மேற்பரப்பிலும் அடையாளப் புரதங்கள் உள்ளன. அவற்றில் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் பொருட்களை மாதிரியில் கலந்து, அணுக்களை வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக லேசர் ஒளியின் முன் ஓடவிடுகிறார்கள். எந்த அணு எந்த நிறத்தில் ஒளிர்கிறது என்பதைக் கருவி எண்ணிக் குறிக்கிறது. சி.டி.19, சி.டி.10 ஆகியவை ஒளிர்ந்தால் பி வகை, சி.டி.3 என்றால் டி வகை. அறிக்கையில் வரிசையாகக் காணப்படும் இந்த எண்களின் பொருள் இதுதான். முடிவு பொதுவாக ஓரிரு நாட்களில் வந்துவிடும்.

மூன்றாவது குரோமோசோம் பரிசோதனை. இதற்கே காலம் பிடிக்கும். அணுக்களை உயிரோடு வளர்த்து, பிரியும் தருணத்தில் நிறுத்தி, குரோமோசோம்களை எண்ண வேண்டும். ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். மாதிரி உறைந்துவிட்டாலோ வழியில் நெடுநேரம் தங்கி அணுக்கள் இறந்துவிட்டாலோ, மஜ்ஜையை மறுபடியும் எடுக்க நேரிடும். நாரணாபுரத்திலிருந்து மதுரைக்கோ சென்னைக்கோ வரும் குடும்பத்துக்கு ஒவ்வொரு நாளும் கூலி இழப்புதான். அதனால் முதல் மாதிரியே போதிய அளவில், பரிசோதனை நடைபெறும் மருத்துவமனையில் எடுக்கப்படுவது மேல். இதை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்கலாம்.

குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறியிருப்பதுண்டு. 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தால் அது பிலடெல்பியா வகை. குழந்தைகளில் இது அரிது. ஆனால் கண்டறிந்தால் இமாட்டினிப் போன்ற மாத்திரையைச் சேர்த்துச் சிகிச்சையின் போக்கையே மாற்றலாம். 12க்கும் 21க்கும் இடையிலான மாற்றமோ பொதுவாக நல்ல அறிகுறி. வியப்பு என்னவெனில், அது நுண்ணோக்கிக்குப் புலப்படாது. ஒளிரும் மரபணுத் துணுக்குகளைக் கொண்டு தேடும் ஃபிஷ், அல்லது பி.சி.ஆர். முறையில்தான் தெரியவரும். குரோமோசோம் அறிக்கை இயல்பு என்று வந்த பின்னும் வேறு பரிசோதனை கேட்கப்படுவதற்கு இது ஒரு காரணம்.

எல்லா முடிவுகளும் வரும்வரை குழந்தை மருந்தின்றி இருக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பி வகையா, டி வகையா, மைலாய்டா என்பது தெரிந்ததும் சிகிச்சை தொடங்கிவிடும்; பிந்தி வரும் முடிவுகளுக்கேற்ப அது திருத்தப்படும். மைலாய்டு வகையுள் இரத்தக்கசிவு மிகுந்த புரோமைலோசைட்டிக் என்னும் உட்பிரிவில், ஐயம் எழுந்த உடனேயே ரெட்டினாயிக் அமில மாத்திரை தொடங்கப்படும்; அங்கு உறுதிப்பாட்டுக்காகக் காத்திருப்பதே ஆபத்து.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. காய்ச்சலோ மூட்டுவலியோ விடாதிருக்கிறது என்று பெயர் தெரியாத மாத்திரைகளையோ ஊசியையோ குழந்தைக்குப் போட்டுக்கொள்ள வேண்டாம். அவற்றில் ஸ்டீராய்டு இருந்தால் புற்றணுக்கள் தற்காலிகமாக மறைந்து, மஜ்ஜைப் பரிசோதனை தவறான தோற்றத்தைக் காட்டக்கூடும். ஏற்கெனவே கொடுத்திருந்தால், மறைக்காமல் சீட்டோடு மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டாசு ஆலையில் வேலை பார்த்ததால்தான் குழந்தைக்கு வந்ததோ என்று தம்மையே நொந்துகொள்ளும் தாய்மார்கள் உண்டு. பெரும்பாலான குழந்தைகளில் இந்நோய்க்குக் காரணம் இன்னதென்று சுட்டிக் காட்ட இயலாது. வேலை விவரத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். பழியைச் சுமக்க வேண்டாம்.

முதல் கட்டச் சிகிச்சையின் முடிவில், ஏறத்தாழ நான்காவது அல்லது ஐந்தாவது வாரத்தில், மஜ்ஜை மீண்டும் பார்க்கப்படுகிறது. நுண்ணோக்கிக்கு நோய் இல்லை என்று தோன்றினாலும், பத்தாயிரம் அணுக்களில் ஒன்று புற்றணுவாக எஞ்சியிருந்தால்கூட ஃபுளோ சைட்டோமெட்ரி காட்டிவிடும். எம்.ஆர்.டி. என்று குறிக்கப்படும் பரிசோதனை இதுவே. ஃபார்பரின் குழந்தைகளுக்கு நோய் திரும்பியது எஞ்சிய இத்தகைய அணுக்களால்தான். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை பின்னர் வந்தது. வகை பிரித்தறிதலும் கூடியது. வளர்ந்த நாடுகளில் லிம்போபிளாஸ்டிக் வகையுள்ள குழந்தைகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் இன்று குணமடைகின்றனர்.

மாத்திரை வீட்டுக்கு வந்தபின்

தீவிரச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் குழந்தை, ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் வரை மாத்திரை உண்ண வேண்டியிருக்கும். அவற்றுள் மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. உடன் தரப்படும் மெர்காப்டோபியூரின் நாள்தோறும் உண்பது. இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடுவது உயிருக்கே ஆபத்தாகும். எந்தக் கிழமை என்பதை அட்டையில் எழுதச் செய்து, இரு மாத்திரைகளையும் தனித்தனி டப்பாவில் வையுங்கள். வீட்டில் கருவுற்ற பெண் இருந்தால் அவர் இம்மாத்திரைகளைக் கையால் தொட வேண்டாம். சத்துக்காக என்று ஃபோலிக் அமிலம் கலந்த மாத்திரையையோ டானிக்கையோ மருத்துவரைக் கேட்காமல் குழந்தைக்குக் கொடுக்கலாகாது. சுப்பாராவின் ஒரு கண்டுபிடிப்பு மற்றொன்றின் வேலையைக் கெடுத்துவிடும். வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும், அடுத்த வார மாத்திரைக்கு முன் என்று காத்திராமல், அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.